சொந்தக் குறுக்குவிசைகளுக்கு ஒரு தனி வாசல்: விஎஸ் கோடில் ஷார்ட்கட்களை ஒழுங்கு செய்வது எப்படி?

பிடிஎஃப்பாக இருக்கும் பழைய கட்டுரை ஒன்றை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அச்சில் எங்கெல்லாம் வரி முடிந்ததோ அங்கெல்லாம் இங்கேயும் வரி உடைந்து நிற்கும். ஒரே பத்தி பன்னிரண்டு துண்டாகக் கிடக்கும். இவற்றைச் சேர்ப்பதற்கு, மைக்ரோசாஃப்ட் தரும் விஎஸ் கோட் எடிட்டரில் 'ஜாயின் லைன்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. மேக்கில் அதற்குக் கண்ட்ரோல்+ஜே என்று விசை கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் எந்த விசையும் இல்லை. ஒவ்வொரு முறையும், கட்டளைகளைப் பெயர் சொல்லித் தேடும் பெட்டியான கமாண்ட் பேலட்டைத் திறந்து, பெயரைத் தட்டி, என்டர் அழுத்த வேண்டும். மின்னூலுக்காக ஒரு நாளில் நாற்பது பக்கம் சரிபார்க்கிற ஒருவருக்கு இது மணிக்கட்டு வலி.

என் முதல் சொந்த ஷார்ட்கட்டை இதற்காகத்தான் வைத்தேன். அது தந்த சுகத்தில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனேன். கண்ணில் பட்ட காலி விசையில் எல்லாம் ஒன்று. ஆறு மாதத்தில் எது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியபோது பின்பற்றிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்றுதான் முதல் ஷார்ட்கட் வைக்கப்போகிறீர்கள் என்றால், நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. 'கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஸ்' என்று எழுதினால், கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கே விசையைத் தட்டி, பிறகு எஸ் விசையைத் தட்ட வேண்டும். மேக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் காகிதமும் பேனாவும்

எந்த விசையையும் இப்போது மாற்றாதீர்கள். மேசையில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். வேலையின் நடுவே மவுஸைத் தேடிக் கை போகும் ஒவ்வொரு முறையும், எதற்காகப் போனது என்று ஒரு சொல் எழுதி ஒரு கோடு போடுங்கள். மறுபடி அதே வேலைக்குப் போனால் இன்னொரு கோடு. கமாண்ட் பேலட்டில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டினாலும் அதே கணக்குத்தான்.

வாரக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். ஐந்தாறு வேலைகள்தான் மேலே நிற்கும். உங்களுக்கு ஷார்ட்கட் வேண்டியது அவற்றுக்கு மட்டும். வாரம் ஒருமுறை செய்கிற வேலைக்கு விசை வைத்தால் அடுத்த வாரம் அது நினைவில் இருக்காது. நினைவில் இல்லாத ஷார்ட்கட் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். தவறி அழுத்தினால் கோப்பில் எதையோ மாற்றியும் வைக்கும்.

பட்டியலில் உள்ளவற்றுக்கு ஏற்கெனவே விசை இருக்கிறதா என்றும் பாருங்கள். வரியை மடித்துக் காட்ட ஆல்ட்+இசட் இருக்கிறது. வரி முடிவில் தொங்கும் வெற்றிடங்களை நீக்கக் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எக்ஸ் இருக்கிறது. இருப்பதைப் பழகிக்கொள்வதே நல்லது. வேறொருவர் கணினியில் உட்கார்ந்தாலும் அது கை கொடுக்கும்.

ஷார்ட்கட் திரையை அறிந்துகொள்ளுங்கள்

கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்களும் ஓர் அட்டவணையாகத் திறக்கும். இடது கீழ் மூலையில் உள்ள பற்சக்கரப் படத்தைச் சொடுக்கினாலும் அங்கே போகலாம். அட்டவணையில் நெடுக்காக நான்கு பத்திகள் இருக்கும். கட்டளையின் பெயர், அதற்கான விசை, எந்தச் சூழலில் அது செயல்படும் என்ற நிபந்தனை, அதை யார் வைத்தார்கள் என்ற விவரம். புதியவர்கள் கடைசிப் பத்தியைக் கவனிப்பதே இல்லை. 'சிஸ்டம்' என்றிருந்தால் எடிட்டரோடு வந்தது, 'யூசர்' என்றிருந்தால் நீங்கள் வைத்தது. ஏதாவது எக்ஸ்டென்ஷனின் (எடிட்டரில் கூடுதலாக நிறுவும் துணை மென்பொருள்) பெயர் இருந்தால் அதை நிறுவியபோது கூடவே வந்தது. நீங்கள் வைக்காத விசை ஏதோ செய்கிறதே என்று குழம்பும்போது பதில் பெரும்பாலும் இந்தப் பத்தியில் இருக்கும்.

தேடல் பெட்டியின் வலது முனையில் விசைப்பலகை போன்ற ஒரு சிறு படம் உண்டு. இதைப் பதிவுப் பொத்தான் என்று சொல்கிறேன். இந்த முறைக்கே அதுதான் அச்சாணி. அதைச் சொடுக்கிவிட்டு ஏதாவது ஒரு விசைக் கூட்டை அழுத்துங்கள். எழுத்தாகத் தட்ட வேண்டாம், விசைகளையே அழுத்துங்கள். அந்தக் கூட்டு எந்தெந்தக் கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அட்டவணை சுருங்கிக் காட்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த இடம் காலி. வைப்பதற்கு முன் இப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மோதல்களில் பெரும்பங்கு நிகழாமலே போகும். அதே படத்தை மறுபடி சொடுக்கினால் பதிவு நின்றுவிடும்.

ஒரு வாசல், அதற்குள் எல்லாம்

எடிட்டரின் விசைகளுக்கு நடுவே உங்கள் விசைகளைத் தூவாதீர்கள். ஒரே ஒரு விசைக் கூட்டை உங்களுக்கென்று எடுத்துக்கொண்டு, சொந்த ஷார்ட்கட் எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் வையுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

இது புது யோசனை அல்ல. 1976இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஈமேக்ஸ் எடிட்டரில் இப்படி ஒரு மரபு உண்டு. கண்ட்ரோல்+சி அழுத்தி அடுத்து ஓர் எழுத்தை அழுத்தும் கூட்டுகள் எல்லாம் பயனருக்கே உரியவை, எந்தத் தொகுப்பும் அவற்றைத் தொடக் கூடாது என்பது அந்த மரபு. எஃப்5 முதல் எஃப்9 வரையிலான விசைகளும் அப்படியே. விம் எடிட்டரில் இதே வேலையைச் செய்வது 'லீடர்' விசை. விஎஸ் கோடில் அப்படி யாரும் இடம் ஒதுக்கித் தரவில்லை, நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது கண்ட்ரோல்+எம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதன் பழைய வேலை, டேப் விசை எழுத்துக்குள் இடைவெளி விடுவதா, அடுத்த பகுதிக்குத் தாவுவதா என்று மாற்றுவது. தெரியாமல் அதை அழுத்திவிட்டு, டேப் ஏன் வேலை செய்யவில்லை என்று திகைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே கணினியை இயக்குபவர்களுக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கும் அது உண்மையிலேயே தேவையான வசதி. நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் அதைத் தொடாதீர்கள், வேறு காலி விசையைப் பதிவுப் பொத்தானால் தேடி எடுங்கள். மேக்கில் கமாண்ட்+எம் சாளரத்தைச் சுருக்கும் விசை. அங்கேயும் வேறொன்றுதான் வேண்டும்.

வாசலைத் தேர்ந்ததும் பழைய வேலையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானைச் சொடுக்கி, கண்ட்ரோல்+எம் அழுத்தி, வருகிற வரிசையின் மேல் வலது சொடுக்கு. 'ரிமூவ் கீபைண்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விசை கழன்றுவிடும். கட்டளை எங்கும் போகாது, கமாண்ட் பேலட்டில் பெயர் சொல்லி அழைத்தால் வரும்.

முதல் ஐந்து விசைகள்

சரி, இப்போது வாசலுக்குள் குடியேற்றலாம். தேடல் பெட்டியில் 'ஜாயின் லைன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வருகிற வரிசையை இருமுறை சொடுக்கினால் நடுவில் ஒரு சிறு பெட்டி திறந்து, வேண்டிய விசைகளை அழுத்திவிட்டு என்டர் தட்டச் சொல்லும். கண்ட்ரோலைப் பிடித்தபடி எம், பிறகு ஓ. பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தோன்றும். ஏற்கெனவே வேறு கட்டளை அதே கூட்டில் இருந்தால் பெட்டியின் அடியில் ஒரு வரி வந்து எச்சரிக்கும். ஒன்றும் வரவில்லை என்றால் என்டர். அவ்வளவுதான்.

இரண்டாம் விசைக்கு எந்த எழுத்து? பலர் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை வைக்கிறார்கள். எனக்கு அது நிற்கவில்லை. வேலையைத் தமிழில் நினைக்கிறேன், விசையும் தமிழிலேயே நினைவுக்கு வரட்டும் என்று இப்படி வைத்தேன்:

ஓ: ஒட்டு. உடைந்த வரிகளைச் சேர்க்கும் 'ஜாயின் லைன்ஸ்'.
எஸ்: சீர். தேர்ந்தெடுத்த வரிகளை அடுக்கும் 'சார்ட் லைன்ஸ் அசெண்டிங்'.
ஆர்: ரெட்டை. இரண்டு முறை வந்த வரிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் 'டெலீட் டூப்ளிகேட் லைன்ஸ்'.
பி (P): புள்ளி. வெற்றிடங்களைப் புள்ளியாகக் காட்டும் 'டாகிள் ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்'.
எம்: கோப்பின் குறுவடிவத்தை ஓரத்தில் காட்டும் மினிமேப்பைக் காட்டவும் மறைக்கவும்.

ஒட்டு விசை இரண்டு வரிகளின் நடுவே ஓர் இடைவெளி விட்டுத்தான் சேர்க்கும். பிடிஎஃப்பில் ஒரு சொல்லே பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் 'மழைக் காலத்' என்று ஒரு துண்டும் 'தில்' என்று ஒரு துண்டும் இடைவெளியோடு நிற்கும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாம் விசையைத் தேர்வதில் இன்னொரு கவனமும் தேவை. வாசல் விசையைக் கை தவறவிட்டால் இரண்டாம் விசை தன் வழக்கமான வேலையைச் செய்துவிடும். வரிசைப்படுத்த 'வ' என்று வி விசையை வைத்திருந்தேன். எம் சரியாக விழாத ஒரு நாள், கண்ட்ரோல்+வி மட்டும் விழுந்து, தேர்ந்தெடுத்திருந்த முழுப் பட்டியலின் மேல் வேறெதையோ ஒட்டிவிட்டது. உடனே பார்த்ததால் கண்ட்ரோல்+இசட் காப்பாற்றியது. அன்றே வி போய் எஸ் வந்தது. எஸ் தவறி விழுந்தால் கோப்பு சேமிக்கப்படும், பி விழுந்தால் ஒரு பட்டியல் திறக்கும். கெடுதல் இல்லை. வி, எக்ஸ், இசட், டபிள்யூ ஆகிய நான்கையும் வாசலுக்குள் விடாதீர்கள்.

வாசல் விசையை அழுத்தியதும் அடுத்த விசைக்குக் காத்திருப்பதாகத் திரையின் அடியில் நிலைப்பட்டையில் ஒரு குறிப்பு தோன்றும். தொடக்க நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள்.

எங்கே செயல்பட வேண்டும் என்று சொல்லுங்கள்

நிபந்தனைப் பத்தியைக் காலியாக விட்டால் ஷார்ட்கட் எடிட்டரின் எல்லா மூலையிலும் செயல்படப் பார்க்கும். கண்ட்ரோல்+எம் விஷயத்தில் இது வீண் தொல்லை. கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினல் பகுதியில் அந்தக் கூட்டு என்டருக்குச் சமம். அங்கே பழகியவர் அழுத்தினால் கட்டளை ஓடாமல், எடிட்டர் இரண்டாம் விசைக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே உங்கள் வரிசையின் மேல் வலது சொடுக்கி, 'சேஞ்ச் வென் எக்ஸ்பிரஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'எடிட்டர் டெக்ஸ்ட் ஃபோகஸ்' என்ற நிபந்தனையை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக, ஆங்கிலத்தில் தட்டுங்கள். முதல் எழுத்து மட்டும் சிறியது, டெக்ஸ்ட், ஃபோகஸ் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இனி எழுதும் பகுதியில் கர்சர் நிற்கும்போது மட்டும் உங்கள் வாசல் திறக்கும். மார்க்டவுன் கோப்புக்கு மட்டும், பைத்தானுக்கு மட்டும் என்றெல்லாம் மொழியை வைத்தும் நிபந்தனை போடலாம். அது இரண்டாம் மாதத்துக்கு இருக்கட்டும்.

கோப்பைத் திறந்து பார்க்கும் நேரம்

இவ்வளவு நேரம் சொடுக்கிச் செய்ததெல்லாம் 'கீபைண்டிங்ஸ்' என்ற ஒரு ஜேசன் கோப்பில் எழுத்தாகச் சேர்ந்திருக்கிறது. ஷார்ட்கட் திரையின் வலது மேல் மூலையில், தாளைத் திருப்பும் அம்புபோல ஒரு படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் கோப்பு திறக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஷார்ட்கட்டும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று வரிகள்: எந்த விசை, எந்தக் கட்டளை, எந்த நிபந்தனை. கண்ட்ரோல்+எம்மிலிருந்து எடுத்துவிட்ட பழைய வேலையும் அங்கே இருக்கும். கட்டளைப் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தால், அது நீக்கியது என்று பொருள்.

ஒழுங்கு செய்வதன் உண்மையான வேலை நடப்பது இந்தக் கோப்பில்தான். இரண்டு சாய்கோடு போட்டுத் தொடங்கும் வரியை எடிட்டர் படிக்காது. அது உங்களுக்கான குறிப்பு, தமிழிலேயே எழுதலாம். என் கோப்பில் 'நீக்கியவை', 'வரி வேலைகள்', 'திரை', 'சோதனையில்' என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொரு ஷார்ட்கட்டின் மேலும் அது எதற்கு என்று ஒரு வரி: 'ஒட்டு: பிடிஎஃப்பில் உடைந்த வரிகளுக்கு'. எடிட்டர் புது ஷார்ட்கட்டை எப்போதும் கோப்பின் கடைசியில்தான் சேர்க்கும். மாதம் ஒருமுறை அவற்றைத் தூக்கி உரிய தலைப்பின் கீழ் வைத்தால் போதும்.

வரிசைக்கு ஒரு விளைவு உண்டு. எடிட்டர் விதிகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்கும். விசையும் நிபந்தனையும் பொருந்துகிற முதல் விதியை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். உங்கள் விதிகள் எடிட்டரின் சொந்த விதிகளுக்குக் கீழே சேர்க்கப்படுவதால்தான் உங்களுடையது வெல்கிறது. ஒரே விசைக்கு நீங்களே இரண்டு விதி எழுதியிருந்தால், நிபந்தனை நெருக்கமாக உள்ளதைக் கீழேயும் பொதுவானதை மேலேயும் வையுங்கள். மாற்றி வைத்தால் பொதுவானது எல்லாவற்றையும் விழுங்கிவிடும், நெருக்கமானதற்கு முறையே வராது.

தமிழ் விசைப்பலகை இயங்கும்போது

எல்லாம் சரியாக வைத்தும் தமிழில் தட்டும்போது மட்டும் ஷார்ட்கட் தடுமாறுகிறது என்பது தமிழில் எழுதும் பலரும் சந்திக்கிற சிக்கல். காரணம் பல இடங்களில் இருக்கலாம்.

இரண்டாம் விசையிலும் கண்ட்ரோலைப் பிடித்தே இருக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம். வெறும் எழுத்தை இரண்டாம் விசையாக வைத்தால், தமிழ் உள்ளீட்டு மென்பொருள் அதை இடையில் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றிவிடக்கூடும். தமிழ்99 முறையில் எஸ் விசை 'இ', ஓ விசை 'ட'. ஷார்ட்கட் நடக்காமல் கோப்பில் ஒரு 'ட' விழுந்து கிடக்கும். கண்ட்ரோலோடு சேர்ந்த விசையைப் பெரும்பாலான உள்ளீட்டு மென்பொருள்கள் அப்படியே விட்டுவிடுகின்றன.

அடுத்தது ஆல்ட்டும் எண்களும். விஎஸ் கோடில் ஆல்ட்+1, ஆல்ட்+2 எல்லாம் திறந்திருக்கும் கோப்புகளின் தாவல்களுக்குத் தாவும் விசைகள். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் விசைப்பலகை மாற்றுவதும் ஆல்ட்டும் எண்ணும் சேர்த்துத்தான். இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். நாள் முழுக்கத் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தட்டுபவர் என்றால் தாவல் விசைகளைக் கழற்றிவிடுவதே மேல், தாவல் மாறக் கண்ட்ரோல்+டேப் இருக்கிறது.

விண்டோஸில் ஆல்ட்+ஷிஃப்ட் மொழி மாற்றும் விசையாக இருந்தால் அதுவும் இடறும். கோப்பைச் சீர்படுத்த ஷிஃப்ட்+ஆல்ட்+எஃப் அழுத்தப் போய், எஃப் விழுவதற்குள் விரலை எடுத்துவிட்டால் மொழி மாறிவிடும். மொழி மாற்ற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் தனியாக இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டு, விண்டோஸ் அமைப்புகளில் ஆல்ட்+ஷிஃப்ட்டை எடுத்துவிடலாம். மேக்கில் கண்ட்ரோல்+ஸ்பேஸ் உள்ளீட்டு மொழியை மாற்றும். எடிட்டரில் அதே விசை பரிந்துரைப் பட்டியலைத் திறப்பது. அங்கேயும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

லினக்ஸில் விசைப்பலகை மாற்றிய பிறகு எல்லா ஷார்ட்கட்களும் இடம் மாறியதுபோல நடந்துகொண்டால், செட்டிங்ஸில் 'கீபோர்ட் டிஸ்பேட்ச்' என்று தேடி அதன் மதிப்பைக் 'கீகோட்' என்று மாற்றி, எடிட்டரை மூடித் திறந்து பாருங்கள்.

அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை

அப்போது ஊகிக்க வேண்டாம், எடிட்டரையே கேட்கலாம். கமாண்ட் பேலட்டில் 'டாகிள் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்று தட்டுங்கள். கீழே அவுட்புட் பகுதி திறக்கும். இப்போது சந்தேகமான விசையை அழுத்தினால், எடிட்டருக்கு எந்த விசை வந்து சேர்ந்தது, அதை எந்தக் கட்டளையோடு பொருத்தியது என்று வரி வரியாக எழுதும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் விசை எடிட்டரை எட்டவே இல்லை, இயங்குதளமோ வேறு மென்பொருளோ நடுவில் பிடித்துக்கொண்டது. வேறு கட்டளையின் பெயரை எழுதினால் மோதல் இருக்கிறது. பெயர் சரியாக வந்தும் நடக்கவில்லை என்றால் கட்டளைக்கு வேண்டிய சூழல் அங்கே இல்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் மீதி எளிது. பார்த்து முடித்ததும் அதே கட்டளையால் அணைத்துவிடுங்கள்.

ஒரு பிரதி எடுத்து வையுங்கள்

முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தபோது, என் கணினியைச் சுத்தமாக அழித்துப் புதிதாக நிறுவியிருந்தார்கள். கட்டுரைகள் எல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. இரண்டு வருட ஷார்ட்கட் கோப்பு மட்டும் போய்விட்டது. விரல்களுக்குத் தெரிந்ததை மூளையிலிருந்து திரும்ப எழுத மூன்று நாள் ஆனது.

கோப்பு மிகச் சிறியது. முழுவதையும் தேர்ந்தெடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பினாலும் போதும். 'செட்டிங்ஸ் சிங்க்' வசதியை இயக்கினால் கிட்ஹப் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே தானாகவே சேமிக்கப்படும். ஆனால் ஷார்ட்கட்களை அது இயங்குதளவாரியாகப் பிரித்து வைக்கும். விண்டோஸில் வைத்தவை மேக்கில் தானாக வந்து நிற்காது. வேண்டுமானால் அந்தப் பிரிவினையைச் செட்டிங்ஸில் அணைக்கலாம். இரண்டிலும் விசைகள் வேறு என்பதால் நான் அணைக்கவில்லை.

மாதக் கடைசியில் அரை மணி நேரம்

ஷார்ட்கட் திரையின் மூன்று புள்ளி மெனுவில் நீங்கள் வைத்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயரைப் பார்த்ததும் விரல் தானாக அசைந்தால் அது இருக்கட்டும். விசை என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தால், 'சோதனையில்' தலைப்பின் கீழ் நகர்த்திவிட்டு இன்னொரு மாதம் கொடுங்கள். அப்புறமும் பழகவில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

என்னிடம் இப்போது 11 இருக்கின்றன. முதல் ஐந்தில் மினிமேப் நிலைக்கவில்லை. அதை அடிக்கடி மறைக்கிறேன், காட்டச் சொல்வதே இல்லை என்று மூன்றாம் மாதம்தான் கவனித்தேன். செட்டிங்ஸில் ஒரேயடியாக அணைத்துவிட்டு விசையையும் எடுத்துவிட்டேன். எம்மைத் தொடர்ந்து எம் என்ற அந்த இடத்தில் இப்போது 'இன்சர்ட் ஸ்னிப்பெட்' இருக்கிறது. மேற்கோள், அடிக்குறிப்பு, நூற்பெயர் என்று நான் எழுதி வைத்த அச்சுகள் எல்லாம் அதில் பட்டியலாகத் திறக்கும்.